முதல்நாளே போய்ப் பார்த்து வருகிறவர்

நாங்கள் மெல்பேணில், ரோவில் என்ற பகுதியில் வீடு வாங்கியது 2009இல். புதுவீட்டுக் குடிபூரலுக்கு முதல்நாள் பின்னேரம் குசினி யன்னலால் பார்க்கிறேன், வெள்ளைக் கார் ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. உள்ளே ஒரு மனிதர். இறங்கவில்லை. எங்கள் வீட்டை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்து வீட்டையும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து என்னவோ எழுதினார். கார் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் எங்கள் வாசலிலேயே நின்றது.  "இஞ்சருங்கோ, ஆரோ வீட்டை நோட்டம் பாக்கிறான், பொலிசுக்கு ஃபோன் அடியுங்கோ" என்று கத்தினேன். என் கணவர் குளியலறையிலிருந்து வருவதற்குள் கார் போய்விட்டது.

அடுத்தநாள் காலை அதே முகம் கையில் ஒரு பெரிய பரிசுப் பெட்டியோடும் பக்கத்தில் மனைவியோடும் எங்கள் வாசலில் நின்றது. என் கணவரின் கம்பனியில் வேலை செய்கிறவராம். யாழ்ப்பாணத்து ஆள், ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"நேற்று வந்து நிண்டது நீங்களோ?"

"ஓம் தங்கச்சி. சும்மா ஒருக்கா வந்து பாத்திட்டுப் போனனான். உங்கட தெருவில நம்பர் ஒழுங்காய் இல்லை. பதினேழுக்குப் பக்கத்தில இருபத்தொண்டு நிக்குது. இண்டைக்கு வந்து நிண்டு தடுமாறக்கூடாது பாருங்கோ."

"நான் பொலிசுக்கு அடிக்க இருந்தனான் அண்ணை!"

"அடிச்சிருந்தால் அவங்களும் நம்பர் தெரியாமல் சுத்தியிருப்பாங்கள்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவர் மனைவி ஊரில் படிப்பித்தவர். மெல்பேணில் எல்லோருக்குமே அவர் ரீச்சர்தான். ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது இவருக்கு ஒரு வருத்தம் தங்கச்சி, மருந்து இல்லை" என்றார். கலியாணம், செத்தவீடு, டொக்டர், பள்ளிக்கூட விழா, எதுவென்றாலும் முதல்நாளே காரை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருவாராம். எந்த இடத்தில் திரும்புவது, காரை எங்கே விடுவது, எந்தக் கதவு திறந்திருக்கும் என்றெல்லாம் கொப்பியில் எழுதி வைப்பாராம். வாசல் வரைதான் போவார், உள்ளே போகமாட்டார். "அழைச்ச நாளுக்கு முதல்நாள் ஒரு வீட்டுக்குள்ள போறது மரியாதை இல்லை" என்பது அவர் சட்டம்.

இது எங்கே தொடங்கிய வருத்தம் என்பதையும் ரீச்சரே ஒருநாள் சொன்னார். இவர்களுடைய கலியாணம் ஊரில் பிள்ளையார் கோயிலில். எங்கள் ஊர்களில் சந்திக்குச் சந்தி ஒரு பிள்ளையார் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைக் கார் போய் நின்றது வேறொரு பிள்ளையாரின் வாசலில். அங்கேயும் அன்றைக்கு ஒரு கலியாணம்! தலைப்பாகையோடு இறங்கிய இவருக்கு அந்த வீட்டுப் பெண்கள் ஆராத்தியும் எடுத்துவிட்டார்கள். பிறகுதான் யாரோ முகத்தைப் பார்த்து, "இது எங்கட மாப்பிள்ளை இல்லையே" என்றார்களாம். சரியான கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது சுபநேரம் முடிய ஆறு நிமிடம். ஐயர் மந்திரத்தை ஓட்டமாய் ஓடிச் சொல்லி முடித்தார். "நான் மணவறையில இருந்து அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்" என்றார் ரீச்சர். அண்ணை அந்தப் பக்கம் திரும்பாமல் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் விடுவோமா? எங்கள் கூட்டத்தில் அவர்தான் பகிடிக்கு முதல் ஆள். எல்லோரும் காரில் ஜீபிஎஸ் பூட்டிய காலம் அது. அவரும் ஒன்று வைத்திருந்தார். ஆனால் அதை நம்பமாட்டார், அதோடு வாய்த்தர்க்கம் செய்வார். "உது றோட்டைக் காட்டும். நிண்டால் வெயில் முகத்தில அடிக்குமோ எண்டு காட்டுமோ?" ஒருமுறை திங்கட்கிழமைச் சந்திப்பொன்றுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை ஓடிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமைக் காலை நெரிசலில் மாட்டி முக்கால் மணிநேரம் பிந்திப் போனார். அதோடு விட்டாரா? இல்லை. அன்றிலிருந்து திங்கட்கிழமை அலுவல் என்றால் அதற்கு முந்தின வாரத்துத் திங்களே போய்ப் பார்க்கத் தொடங்கினார். நான் சிரித்து உருண்டேன்.

ஆனால் ஒருமுறை என் சிரிப்புக் கொஞ்சம் அடங்கியது. அகதியாய்ப் படகில் வந்த ஒருவர், நாற்பது வயதுக்காரர், டண்டினோங்கில் அறை எடுத்திருந்தார். அவருக்குக் குடிவரவு அலுவலகத்தில் இன்ரவியூ. நினைத்து நினைத்து அந்த மனிதர் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். அண்ணை லீவு போட்டு முதல்நாளே அவரைக் கூட்டிக்கொண்டு போனார். லிஃப்டில் ஏற்றி, பை சோதிக்கிற இடம், காத்திருக்கிற கதிரை, கழிவறை எல்லாம் காட்டினார். காவலாளி வந்து எப்போது சந்திப்பு என்று கேட்டானாம். நாளைக்கு என்றார் அண்ணை. அப்படியென்றால் இன்றைக்கு ஏன் வந்தீர்கள் என்றானாம் அவன். "நாளைக்குப் பயப்பிடாமல் இருக்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த மனிதர் பிறகு கோயிலில் என்னைக் கண்டபோது, "அக்கா, ரெண்டாந்தரம் போகேக்கை கால் நடுங்கேல்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்த மனிதரைச் சொல்லி முடிக்க முடியாது.

எனக்கு ஒரே ஒரு தம்பி. இங்கிலாந்தில் யோர்க் நகரத்தில் இருந்தான். 2006இல் அப்பா கொழும்பில் காலமானார். நான் மெல்பேணிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு போனேன். தம்பி வரவில்லை. வரமுடியாது என்று மட்டும் சொன்னான், ஏன் என்று சொல்லவில்லை. வீடு நிறையச் சனம், நடுவில் அப்பாவின் பெட்டி, என் கையில் ரெலிபோன். "கொள்ளி வைக்க வேண்டிய ஒரே ஆம்பிளைப் பிள்ளை நீ. வராட்டில் எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை. நீயும் செத்துப்போனாய் எண்டு நினைக்கிறன்" என்று எல்லோரும் கேட்கக் கத்தினேன். அவன் ரெலிபோனை வைத்துவிட்டான்.

அவனுடைய அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் கிடந்தது, வெளியே போனால் திரும்பி வர வழியில்லை, கொழும்பில் இறங்கினால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. அப்பா யோசித்துக் கவலைப்படுவார் என்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறான். அதன்பிறகு நான் எடுத்த ஃபோன் ஒன்றுக்கும் அவன் பதில் தரவில்லை. ஐந்து வருடம் அப்படியே போனது. வாய்க்கொழுப்பு என்று என்னை நானே எத்தனை தரம் திட்டியிருப்பேன்! வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

2011 ஆடியில் லண்டனில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை என் கணவரின் சொந்தம், பொம்பிளை ரீச்சரின் சொந்தம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் அண்ணையோடும் ரீச்சரோடும் போனேன். கலியாணம் முடிந்ததும், யோர்க் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது, சுற்றிவரக் கல்மதில், எழுநூறு எண்ணூறு வருடத்துத் தேவாலயம், பார்க்காமல் போவதா என்று நான்தான் தூபம் போட்டேன். ரீச்சர் சரித்திரம் படிப்பித்தவர், உடனே பிடித்துக்கொண்டார். அண்ணை வாடகைக்குக் கார் எடுத்தார். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓடுகிறார்கள், ஆகவே பயமில்லை என்றார்.

புறப்படுவதற்கு முதல் கொப்பியோடு வந்து என் முன்னால் இருந்தார். "அங்க எங்கெங்க போகவேணும், சொல்லுங்கோ தங்கச்சி." தேவாலயம், மதில் என்று சொன்னேன். எழுதினார். "வேற?" என்றார். நான் கைப்பையைத் திறந்து மூடினேன். அவர் எழும்பவில்லை. கடைசியில் கைப்பைக்குள் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். உறவுக்காரப் பெண் ஒருத்தியிடம் கெஞ்சி வாங்கிய விலாசம்.

"தம்பியின்ரை வீடு. நான் வாறது அவனுக்குத் தெரியாது. சொன்னால் வீட்டில நிக்கமாட்டான்." கொழும்பில் நடந்ததைச் சொன்னேன். ஃபோனில் சொன்ன சொல்லையும் அப்படியே சொன்னேன். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக ஒருவருக்குச் சொன்னேன்.

புத்தி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விலாசத்தை எழுத்துக்கெழுத்துக் கொப்பியில் எழுதிவிட்டு, "எத்தினை மணிக்குப் போகவேணும்?" என்று மட்டும் கேட்டார்.

"சனிக்கிழமை காலமை, பத்து மணிபோல."

"சரி."

வெள்ளிக்கிழமை மத்தியானம் யோர்க் வந்து சேர்ந்தோம். நகரத்தின் நடுவில் கார் ஓட விடுகிறார்கள் இல்லை. எல்லாம் ஒடுங்கிய கல் பாவிய தெருக்கள், மேல்மாடிகள் ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி நிற்கின்றன. எங்களைத் தேவாலயத்துக்குக் கிட்ட இறக்கிவிட்டு, "நீங்கள் பாருங்கோ, நான் நாளைய றோட்டை ஒருக்காப் பாத்திட்டு அரை மணித்தியாலத்தில வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார் அண்ணை.

நானும் ரீச்சரும் தேவாலயத்துக்குள் கழுத்து நோகும்வரை கண்ணாடி யன்னல்களைப் பார்த்தோம். மதிலில் ஏறி நடந்தோம். ரீச்சர் எந்த அரசன் எப்போது வந்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. கீழே போகிற ஒவ்வொரு கறுத்த தலையையும் தம்பியோ தம்பியோ என்று பார்த்துக்கொண்டு நடந்தேன். அரை மணித்தியாலம் ஒரு மணியாகி, இரண்டாகி, மூன்றும் ஆனது. ஃபோன் அடித்தால் எடுக்கவில்லை. ரீச்சர் ஒரு மர வாங்கில் இருந்துகொண்டு பிள்ளையாரைக் கும்பிடத் தொடங்கிவிட்டார். நாலு மணித்தியாலம் கழித்துத்தான் மனிதர் வந்தார்.

"எங்க போனனீங்கள்?" என்று பாய்ந்தார் ரீச்சர்.

"எல்லாம் ஒற்றைவழி றோட்டு. உள்ளுக்கை போனால் வெளியால வரேலாது. வழி பிழைச்சுப் போச்சு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முப்பது வருடமாய் ஒத்திகை பார்த்த மனிதருக்கு ஒத்திகையிலேயே வழி தவறிவிட்டது! மெல்பேண் போய்ச் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா?  அவர் முகம் கறுத்துப்போய் இருந்தது. இரவுச் சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிட்டார். படுக்கப் போகிறபோது, "நாளைக்குப் பத்து மணி வேண்டாம் தங்கச்சி. பன்ரெண்டுக்குப் போவம். அப்பதான் கார் விட இடம் கிடைக்கும்" என்றார். காரையும் தெருவையும் பற்றி அவர் சொன்னால் அதற்கு மேல் கேள்வி ஏது?

சனிக்கிழமை சரியாகப் பன்னிரண்டுக்கு ஒரு தெருவில் கார் நின்றது. வரிசையாகச் செங்கல் வீடுகள்.  இறங்கமாட்டேன் என்று ஆசனத்தைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம் அண்ணை, திருப்புங்கோ, அவன் முகத்தில கதவைச் சாத்தினால் நான் தாங்கமாட்டன்."

அண்ணை இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். "இறங்குங்கோ. மணியை அமத்தாதேங்கோ, அது வேலை செய்யாது. கையால தட்டுங்கோ."

தட்டினேன். தம்பி திறந்தான். மெலிந்து, காதோரம் நரைத்திருந்தான். கதவை அகலத் திறந்து பிடித்தான்.

"உள்ளுக்கு வா அக்கா."

அவ்வளவுதான். உள்ளே சோறும் மீன்குழம்பும் பருப்பும் சமைத்து வைத்திருந்தான். வீட்டில் கூட இருக்கிற பொடியங்களுக்கு என்று சொன்னான். எனக்குக் கதிரை இழுத்துப் போட்டான். "நான் அண்டைக்கு ஃபோனில சொன்னது..." என்று தொடங்கினேன். "முதல் சாப்பிடு" என்றான். அடி எப்போது விழும், எப்போது விழும் என்று காத்திருந்தேன். விழவேயில்லை. நான் அழுதேன், அவன் தண்ணீர் கொண்டுவந்து தந்தான். பின்னேரம் புறப்படும்போது என் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

என் தம்பி தங்கம் என்று நினைத்தேன். காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிட்டது என்று நினைத்தேன். மெல்பேண் வந்து, போகிற வருகிற விருந்தெல்லாம் அண்ணை யோர்க்கில் நாலு மணித்தியாலம் தொலைந்துபோன கதையை நடித்துக் காட்டினேன். அவர் அங்கேயே, என் எதிரிலேயே, கோப்பையும் கையுமாக இருப்பார். மற்றவர்கள் சிரிக்க அவரும் சேர்ந்து சிரிப்பார். 2012 கடைசியில் மகளோடு இருக்கவென்று அவரும் ரீச்சரும் பிரிஸ்பேணுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த வருடம் தம்பிக்கு வழக்கு வென்று, விசாப் பத்திரங்கள் எல்லாம் சரிவந்து, மெல்பேண் வந்தான். வந்த அன்றைக்கே, "அந்த அண்ணையைப் பாக்கவேணும்" என்றான். அவர் பிரிஸ்பேணில் என்றதும் முகம் விழுந்துவிட்டது.

"ஒருக்கா ஒரு நேரச் சாப்பாட்டுக்கு வந்தவரில உனக்கு இவ்வளவு பட்சமோ?" என்று கேட்டேன்.

"ஒருக்கா இல்லை அக்கா. ரெண்டு தரம் வந்தவர். அவர் உனக்குச் சொல்லேல்லையோ?"

குசினி மேசையில் இருந்து சொன்னான். அந்த வெள்ளிக்கிழமை இவன் குப்பைத்தொட்டி வைக்க வெளியே வந்திருக்கிறான். எதிரே காருக்குள் ஒரு தமிழ் முகம் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தது. யார் என்று கேட்டான். அண்ணைக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. என் பெயரைச் சொன்னார். நாளைக்கு அக்கா வருகிறா என்றார். இவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அண்ணை மணியை அமத்திப் பார்த்திருக்கிறார், அது வேலை செய்யவில்லை. பிறகு கையால் தட்டியிருக்கிறார். தட்டிக்கொண்டே நின்றிருக்கிறார். ஒரு நாளும் முதல்நாளில் ஒரு வீட்டுக்குள் போகாத மனிதர்.

"திறந்து பேசத் தொடங்கினன் அக்கா. அஞ்சு வருசத்தையும் அவரின்ரை தலையில கொட்டினன். உன்னட்டைச் சொல்லவேண்டியதெல்லாம் அவரைப் பாத்துச் சொன்னன். அடிக்காத குறை. அவர் படிக்கட்டில இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். உனக்காக ஒரு சொல்லுச் சொல்லேல்லை, எனக்குப் புத்தியும் சொல்லேல்லை. நான் கத்தி முடிஞ்சு, அழுதும் முடிஞ்சன். பிறகு அவர் எழும்பி ஒண்டே ஒண்டு கேட்டார்."

"என்ன கேட்டவர்?"

"'இன்னும் ஏதும் மிச்சம் இருக்கோ தம்பி?' எண்டார். இல்லை எண்டன். 'அப்ப நாளைக்கு அக்கா வரலாம். நீ இரவு வேலையால வந்து படுத்து எழும்பு, பன்ரெண்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறன்' எண்டிட்டுப் போனார்."

நான் மேசையில் தலையை வைத்தேன். எனக்கு விழவேண்டிய அடி அத்தனையும் அந்த மனிதர் முதல்நாளே போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவரை வழி தவறினவர் என்று நான் ஊர் ஊராய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"என்னடா சொன்னனீ அவருக்கு?" என்று கேட்டேன்.

"கேக்காதை அக்கா. நீ கேக்கக்கூடாத கதை."

அன்று பின்னேரமே பிரிஸ்பேணுக்கு ஃபோன் எடுத்தேன். அண்ணை எடுத்தார்.  நன்றி என்றேன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன், அழுதேன். அவர் "சரி சரி" என்றார். கடைசியில் கேட்டேவிட்டேன். "அண்ணை, தம்பி அண்டைக்கு என்னைப் பற்றி என்ன சொன்னவன்?"



"எனக்கு வயசு போகுது தங்கச்சி. அவன் சொன்னதில ஒரு சொல்லும் ஞாபகத்தில இல்லை" என்றார், ஒருமுறை போன தெருவைச் சாகும்வரை மறக்காத அந்த மனிதர்.